கொண்டல் காற்றுக்கு முன்னால்: நெல்லைச் சீமையில் இழுவைப் பட்டம் பழக ஒரு வழிகாட்டி

புரட்டாசி பாதி தாண்டியதும் நம்ம பக்கம் காற்று மாறிவிடும். வைகாசியில் தொடங்கி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஓயாமல் அடித்த மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருகிற காற்று, தளரும். பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் பாதி நேரம் சும்மா நிற்கும். விடியற்காலையில் சட்டை போடாமல் வாசலுக்கு வந்தால் தோளில் லேசாகச் சிலிர்க்கும். நெல்லையில் குளிர் என்றால் அவ்வளவுதான். ஆனால் பட்டம் பழக ஆசைப்படுகிறவர்கள் தயாராக வேண்டிய நேரம் இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் காற்று வரும்; கிழக்கிலிருந்து வருவதைத்தான் கொண்டல் என்பார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு வருஷத்தில் இதைவிட நல்ல காற்று கிடையாது.

இங்கே சொல்லப்போவது சின்னப் பிள்ளைகள் விடுகிற காகிதப் பட்டத்தைப் பற்றி மட்டும் அல்ல. ஆளையே இழுத்துக்கொண்டு போகிற துணிப் பட்டத்தைப் பற்றி. பவர் கைட் என்று கடைகளில் விற்கிறார்கள்; இழுவைப் பட்டம் என்று வைத்துக்கொள்வோம். இதைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் போனால் கைட் சர்ஃபிங். மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து மணலில் போனால் கைட் பக்கி. பனிச்சறுக்குக் கட்டையில் நின்று பனியில் போனால் ஸ்னோகைட்டிங். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826-லேயே காப்புரிமை வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் போட்டி முதன்முதலாகச் சேர்ந்தது; மார்சேய் கடலில் நடத்தினார்கள்.

ஆடிக்காற்று ஏன் வேண்டாம்

பட்டம் என்றதும் எல்லாருக்கும் ஆடி மாதம்தான் நினைவுக்கு வரும். அம்மியையே நகர்த்துகிற காற்று, பட்டத்தைத் தூக்காதா என்று கேட்பார்கள். தூக்கும், உங்களையும் சேர்த்தே தூக்கும். அதில்தான் ஆபத்து.

முதல் விஷயம், காற்றின் வேகமும் இழுவையும் ஒரே அளவில் ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் சுகமாக இழுக்கிற பட்டம் 30 கிலோமீட்டரில் இரண்டேகால் மடங்கு பலத்தோடு இழுக்கும். ஆடிக்காற்றோ ஒரே வேகத்தில் வராது. மலையிடுக்கில் புகுந்து, மேடு பள்ளம், பனங்காடு எல்லாம் தாண்டி வருவதால் ஒரு நிமிஷம் தணியும், அடுத்த நிமிஷம் எகிறும். கை பழகாதவர் அந்த எகிறலுக்கு ஈடு கொடுக்க முடியாது.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். கூட்டப்புளியிலிருந்து உவரி, கூடுதாழை, மணப்பாடு வரைக்கும் நம் கரைக்குக் கடல் தெற்கிலும் தென்கிழக்கிலும் இருக்கிறது. மேல்காற்று தரையிலிருந்து கடலுக்குள் போகிற காற்று. பட்டத்தோடு தண்ணீரில் இறங்கிய ஆள் தடுமாறினால் கரைக்குத் திரும்ப வழியில்லை. கச்சான், அதாவது இந்த மேல்காற்று, அடிக்கிற நாளில் தண்ணீரில் இறங்க நினைக்கவே கூடாது.

கொண்டல் அப்படி இல்லை. கிழக்கிலிருந்து கடல்மேல் தடையில்லாமல் வருவதால் சீராக இருக்கும். கரையை ஒட்டியும், கொஞ்சம் கரையை நோக்கியும் வீசும். பிடி தவறினாலும் கரைப்பக்கமே ஒதுக்கும். குளிர்காலத்திலும் சுத்த வாடை, அதாவது நேர் வடக்கிலிருந்து வருகிற காற்று, கடலை நோக்கித்தான் தள்ளும். அந்த நாட்களில் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொதுவாகக் காலையில் தரைக்காற்று இருக்கும். முற்பகல் தாண்டி வெயில் ஏறியதும் கிழக்கே திரும்பும். மதியத்திலிருந்து நான்கு, ஐந்து மணி வரைக்கும் நல்ல நேரம்.

முதல் படி: காகிதத்தில் தொடங்குங்கள்

துணிப் பட்டம் வாங்குவதற்கு முன்னால், இந்தப் புரட்டாசியிலேயே ஒரு காகிதப் பட்டம் கட்டி விடுங்கள். காற்றைக் கையால் படிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

செய்தித்தாளைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். தென்னை ஈர்க்கு இரண்டு வேண்டும்; விளக்குமாற்றிலிருந்தே உருவலாம், முற்றினதாகப் பார்த்து எடுங்கள். ஒன்றை மூலைக்கு மூலை நேராக வைத்து ஒட்டுங்கள். இன்னொன்றை வில்லாக வளைத்து மற்ற இரண்டு மூலைகளில் ஒட்டுங்கள். மைதாப் பசை போதும், சோற்றுப் பருக்கையும் பிடிக்கும். ஈர்க்கின் அடிப்பக்கம் தடியாகவும் நுனி மெல்லிசாகவும் இருக்கும். வில்லுக்கு வைக்கும்போது நுனியைக் கொஞ்சம் நறுக்கி இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் விறைப்பாக இருந்தால் பட்டம் ஒரே பக்கமாகச் சுற்றும். பழைய வேட்டியிலிருந்து கிழித்த துண்டு வாலுக்கு ஆகும்.

சூத்திரம் கட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு ஈர்க்கும் சந்திக்கிற இடத்திலிருந்து ஒரு நூல், கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு நூல், இரண்டும் சேர்கிற முடிச்சில் கைநூலைக் கட்டுகிறோம். முடிச்சை மேலே நகர்த்தினால் பட்டம் படுத்தாற்போல் நின்று லேசாக இழுக்கும். கீழே நகர்த்தினால் காற்றுக்கு முகம் கொடுத்து பலமாக இழுக்கும். ரொம்ப இறக்கினால் எழும்பவே எழும்பாது. ஒரு விரற்கடை நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். பெரிய பட்டத்தில் கைப்பிடிக் கம்பியைத் தள்ளி இழுத்துச் செய்வதும் இந்த வேலையைத்தான். காகிதத்தில் இது பிடிபட்டுவிட்டால் துணிப் பட்டம் பாதி கைக்கு வந்த மாதிரி.

நூல் சாதாரணப் பருத்தி நூலாக இருக்கட்டும். மாஞ்சா வேண்டவே வேண்டாம். கண்ணாடித்தூள் பூசியதையும் நைலான் நூலையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை செய்தது. பைக்கில் போகிறவர்கள் கழுத்தறுந்து இறந்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: மழைக்காலத்து வீட்டுவேலை

ஐப்பசி பிறந்ததும் அடைமழை. இடி மின்னல் உள்ள நாளில் எந்தப் பட்டமும் வெளியே வரக்கூடாது. இந்த இடைவெளியில் பட்டத்தை வாங்கி வீட்டுக்குள்ளேயே பழகிக்கொள்ளலாம்.

முதல் பட்டம் டிரெய்னர் கைட் வகையாக இருக்க வேண்டும்: இரண்டு அல்லது மூன்று சதுர மீட்டர், குச்சியே இல்லாத துணிப் பட்டம். முன்விளிம்பில் வரிசையாக வாய் திறந்த அறைகள் இருக்கும். அவற்றில் காற்று புகுந்து உப்பித்தான் பட்டம் உருவம் எடுக்கும். கயிறு சுமார் 20 மீட்டர் நீளம், முனையில் ஒரு கம்பி. இரண்டு கயிறு உள்ளதைவிட மூன்று கயிறு உள்ளதை வாங்கச் சொல்வேன். மூன்றாவது கயிறு மணிக்கட்டுப் பட்டையில் மாட்டியிருக்கும். பயந்து கம்பியை விட்டுவிட்டால் பட்டம் பலமிழந்து கீழே விழும், பறந்து போகாது. பெரிசாக வாங்கினால் ரொம்ப நாளைக்கு ஆகும் என்று ஐந்தாறு சதுர மீட்டரில் வாங்க வேண்டாம். அது பழகியவர் கைக்கு உரியது.

பழைய பட்டம் வாங்குவதானால் துணியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை தெரியும், தையல் விட்டிருந்தால் தெரியும். இரண்டு பக்கக் கயிறும் ஒரே நீளமா என்று ஒரு ஆணியில் மாட்டி இழுத்துப் பார்த்துவிடுங்கள். ஒன்று கொஞ்சம் நீண்டிருந்தாலும் பட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக் குழம்புவார்.

கூடத்திலோ மொட்டை மாடியிலோ கயிறு சுற்றவும் பிரிக்கவும் பழகுங்கள். கம்பியில் எட்டுப் போட்டுச் சுற்ற வேண்டும். வட்டமாகச் சுற்றினால் முறுக்கு ஏறும். பட்டத்தின் நூலில் ஒரு முடிச்சு இருக்கும், கயிற்றின் நுனியில் ஒரு கண்ணி இருக்கும். கண்ணிக்குள் அதன் கயிற்றையே விட்டுச் சுருக்காக்கி, முடிச்சுக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் இறுகிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகிவிடுங்கள். கடற்கரைக் காற்றில் மணல் கண்ணில் விழும்போது உதவும்.

மூன்றாம் படி: இடம்

குளத்தங்கரைப் பிள்ளைகளுக்குக் காய்ந்த குளம்தான் மைதானம். புரட்டாசியில் காகிதப் பட்டத்துக்கு அது சரி. மார்கழியில் குளத்தில் தண்ணீர் நிற்கும், கரிசலில் பயிர் நிற்கும். போதாததற்கு உடைமுள். துணிப் பட்டம் ஒருமுறை உடைமரத்தில் விழுந்தால் கிழியாமல் எடுப்பது கஷ்டம். ஊர் மைதானங்களைச் சுற்றிக் கட்டிடமும் மின்கம்பியும் இருக்கின்றன. தேரிக்காட்டுச் செம்மணலைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பனையும் முந்திரியும் காற்றைக் கலைத்துவிடும், குதிரைமொழித் தேரியோ வனத்துறைக் காப்புக்காடு.

ஆக, கடற்கரைதான். அதிலும் எல்லாக் கரையும் ஆகாது. மரம், கட்டிடம், மணல்மேடு எதுவாக இருந்தாலும், அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் பின்னால் காற்று கலங்கி வரும். 15 மீட்டர் பனைவரிசை இருந்தால் 150 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மணப்பாட்டில் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில் நிற்கிற மணற்குன்றை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குன்றின் மறைவில் நின்றால் பட்டம் எழுந்து எழுந்து விழும். காற்று நேராக வந்து தொடுகிற நீண்ட வெறும் மணலுக்குத் தள்ளிப் போங்கள். உங்களுக்குக் காற்றடி பக்கம், அதாவது காற்று போகிற திசையில், குறைந்தது 100 மீட்டராவது ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்க வேண்டும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் சுற்றுவட்டாரம், விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம், குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளப் பகுதி, வாகைக்குளம் விமான நிலையம், இவற்றின் பக்கம் பட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். 1934 விமானச் சட்டத்தில் வானூர்தி என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே பட்டமும் இருந்தது; விளையாட்டுச் சாமான்தானே என்று வாதாட முடியாது. காற்றாலைப் பக்கமும் மின்கோபுரப் பக்கமும் கூடாது. ஈரக் கயிற்றில் மின்சாரம் பாயும்.

கூந்தன்குளத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வரித்தலை வாத்தும் பூநாரையும் அங்கே வந்து இறங்குகின்றன. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர் அது. அந்த வானத்தில் நாம் கயிறு கட்டக்கூடாது.

அப்புறம், கடற்கரை என்பது சும்மா கிடக்கிற இடம் அல்ல. மீனவர்கள் வேலை செய்கிற இடம். வலை காய்கிற மணலிலும் படகு ஏற்றுகிற இடத்திலும் கயிறு விரிக்காதீர்கள். போனதும் கரையில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணாச்சி, இங்கன பட்டம் விடலாமா? இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டால், "இப்ப கரைக்காத்துல்லா அடிக்கி. மத்தியானத்துக்கு மேல கொண்டல் ஏறும், அப்ப வா தம்பி. படகு வார பக்கம் மட்டும் போவாத" என்று பதில் வரும். செல்போனில் பார்க்கிற வானிலையைவிட அந்தக் கரைக்கு அந்த வார்த்தை துல்லியமாக இருக்கும். போனிலும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேண்டும்.

நான்காம் படி: இன்றைக்கு விடலாமா?

இலையும் சுள்ளியும் அசைந்துகொண்டே இருந்து, சின்னக் கொடி விரிந்து பறந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். பழக மிக நல்லது. தூசியும் காகிதமும் எழும்பி, சின்னக் கிளைகள் ஆடினால் 20 முதல் 28. கொஞ்சம் கை பழகியவருக்கு. சின்ன மரமே ஆடத் தொடங்கினால் 29-க்கு மேல். அன்றைக்குப் பட்டத்தைப் பையிலேயே வைத்துவிட்டு மற்றவர்கள் விடுவதைப் பாருங்கள்.

மார்கழி பிறந்தாலே மழை முடிந்தது என்று நம்பிவிடக் கூடாது. 2023-இல் பெருவெள்ளம் வந்தது டிசம்பர் 17, 18 தேதிகளில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வங்கக்கடலில் தாழ்வுநிலை என்று சொன்னால் அந்த வாரம் கரைக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: மணலில் முதல் நாள்

இரண்டு பேராகப் போங்கள். ஹெல்மெட், மூடின செருப்பு அல்லது ஷூ, கையுறை வேண்டும். இடுப்பில் மாட்டுகிற ஹார்னஸ் முதல் நாளில் வேண்டாம். கையால் பிடித்தால்தான் கையால் விட முடியும்.

காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பட்டத்தை உங்களுக்கு எதிரே, காற்று போகிற திசையில், வாய் திறந்த பக்கம் மேலே பார்க்கும்படி விரியுங்கள். பின்விளிம்பில் மணலை அள்ளிப் போடுங்கள். இரண்டு கை மணல் போதும், பட்டம் தானாக எழும்பாது. கயிற்றைப் பிரித்துக்கொண்டே கம்பியை நோக்கி நடங்கள். கம்பியின் சிவப்புப் பக்கம் பெரும்பாலும் இடது கைக்கு. மணிக்கட்டுப் பட்டையை மாட்டிய பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இப்போது எதிரே ஒரு பெரிய கடிகாரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு நேர் மேலே 12. இடது ஓரம் 9, வலது ஓரம் 3. ஓரங்களிலும் உச்சியிலும் பட்டம் லேசாக இழுக்கும். நடுவில், உங்கள் முகத்துக்கு நேரே தாழ்வாக வந்தால்தான் முழு பலத்தோடு இழுக்கும். இழுவைப் பட்டத்தின் கலை எல்லாம் எப்போது நடுவுக்குக் கொண்டுவருவது, எப்போது ஓரத்துக்கு ஒதுக்குவது என்பதில் அடங்கியிருக்கிறது.

ஒரு எட்டு பின்னால் வைத்து கம்பியை இழுத்தால் அறைகளில் காற்று புகும். துணி படபடவென்று அடித்து, உப்பி, மணலை உதறிக்கொண்டு எழும்பும். அந்த நொடியில் எல்லாருமே கம்பியைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். தூக்காதீர்கள், நெஞ்சுக்கு நேராகவே இருக்கட்டும். வலது கையை உங்கள் பக்கம் இழுத்தால் பட்டம் வலது பக்கம் திரும்பும், இடதை இழுத்தால் இடது. கார் ஸ்டியரிங் மாதிரி கம்பியைச் சுழற்றினால் ஒன்றும் நடக்காது.

12-க்குக் கொண்டுபோய் நிறுத்திப் பழகுங்கள். பிறகு 11-க்கும் 1-க்கும் நடுவே மெதுவாக எட்டுப் போடுங்கள். உச்சியில் கயிறு தொய்ந்து பட்டம் சுருங்கினால் நாலு எட்டு பின்னால் நடந்தால் போதும், மறுபடி உப்பிக்கொள்ளும். கயிறு ஒன்றிரண்டு முறுக்கு ஏறினாலும் பட்டம் சொன்னபடி கேட்கும். எதிர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றவிட்டால் முறுக்கு பிரியும். பழகப் பழக 10-க்கும் 2-க்கும் விரியுங்கள். உச்சி பிடிபட்ட பிறகுதான் நடுவழியே இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போது முழங்காலை மடக்கி, குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாயுங்கள். இழுப்பு தாங்காவிட்டால் யோசிக்காமல் கம்பியை விட்டுவிடுங்கள். கம்பியை விடுவதையே முதல் நாளில் வேண்டுமென்றே பலமுறை செய்து பாருங்கள். பயத்தில் விரல் இறுகுமே தவிர விரியாது. அதைப் பழக்கித்தான் மாற்ற வேண்டும்.

இறக்குவதற்கு 9-க்கோ 3-க்கோ கொண்டுபோய் மெதுவாகத் தரையைத் தொடவிடுங்கள். கூட வந்தவர் போய்ப் பிடித்து மணல் போடட்டும்.

கயிற்றைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று: இழுவையில் இருக்கிற கயிற்றைக் கையால் பிடிக்கக்கூடாது, விரலில் சுற்றவே கூடாது. இந்தப் பட்டங்களில் வருகிற டைனீமா என்கிற செயற்கை இழைக் கயிறு மெல்லிசாக இருந்தாலும் பெரிய பாரம் தாங்கும், சதையை அறுத்துவிடும். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் பட்டத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஓடி வருவார்கள். கயிறு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கூட ஒருவர் வேண்டும் என்று சொல்வதே பாதி இதற்காகத்தான்.

அதற்கு மேலே

தையில் மணலில் கை பழகி, ஒரு கையாலேயே பட்டத்தை 12-இல் நிறுத்த முடிந்தால் அடுத்தது தண்ணீர். அதைத் தனியாகப் பழக முடியாது, கூடாது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் பயிற்சி கொடுக்கிறார்கள். சர்வதேச கைட்போர்டிங் அமைப்பான ஐ.கே.ஓ.வின் சான்று உள்ள பயிற்றுநரா என்று கேட்டுச் சேருங்கள். கடலில் பயன்படுத்துவது காற்றடைத்த குழல் உள்ள வேறு வகைப் பட்டம். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், திரும்ப எழுப்பலாம். நீச்சல் தெரிந்திருந்தாலும் மிதவைச் சட்டை கட்டாயம்.

நார்வே, சுவிட்சர்லாந்து, கனடா என்று வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஸ்னோகைட்டிங் பழகலாம். உவரி மணலில் படித்த கடிகாரம் நார்வேயின் ஹார்டாங்கர்விடா பனிமேட்டிலும் அதே கடிகாரம்தான். மாறுகிறவை சில. குளிர்ந்த காற்று கனம் கூடியது: 30 டிகிரியைவிட மைனஸ் 10 டிகிரியில் அதே வேகக் காற்று சுமார் 15 சதவீதம் பலமாக இழுக்கும். அதனால் சின்னப் பட்டத்தில் தொடங்குங்கள். பனியில் குதிகால் ஊன்ற முடியாது, வழுக்கிக்கொண்டே போவீர்கள். முதலில் சறுக்குக் கட்டை இல்லாமல் பூட்ஸோடு நின்று பட்டத்தை மட்டும் பழகுங்கள். மைனஸ் 5 டிகிரியும் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் தோலுக்கு அது மைனஸ் 13; கம்பியைப் பிடித்த விரல்தான் முதலில் மரத்துப்போகும். உறைந்த ஏரியில் இறங்குவதற்கு முன்னால் பனிக்கட்டி போதுமான தடிமன் இருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். மலைச்சரிவு என்றால் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள்.

பங்குனியில் வெயில் ஏறி காற்று நிலைகொள்ளாமல் திரியும்போது பட்டத்தை எடுத்துவைத்துவிடலாம். நல்ல தண்ணீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். கயிற்றையும் கம்பியையும் சேர்த்தே அலச வேண்டும். உப்பு தங்கினால் கயிறு சொரசொரத்து அறுபடும். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள், அறைக்குள் தங்கின மணலை உதறுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு தளர்வாக மடித்து பீரோவில் வையுங்கள். பரணில் போட்டால் எலி கடித்துவிடும்.